தோம்பில் இல்லாத வீடுகள்

ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் பிள்ளை மடுவத்தில் எமது பெண்கள் குழு கூடியபோது, வந்திருந்த பதினொரு பேருக்கும் ஒவ்வொரு வெள்ளைத்தாளும் பென்சிலும் கொடுத்தேன். "நீங்கள் இழந்த வீட்டை வரையுங்கள்" என்றேன்.

"படம் வரைய எங்களுக்கு எங்க மிஸ் தெரியும்?" என்று சிரித்தார்கள். வாசல் எங்கே, அடுப்பு எங்கே என்று கோடு போட்டால் போதும் என்றேன்.

இந்த யோசனை என்னுடையதல்ல. ஓவியரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்தவருமான தா. சனாதனனிடமிருந்து எடுத்தது. போரினால் இடம்பெயர்ந்த தமிழ், முஸ்லிம் மக்களைச் சந்தித்து, விட்டுவந்த வீட்டின் அமைப்பை நினைவிலிருந்து வரையும்படி அவர் கேட்டார். அவ்வாறு சேர்ந்த 80 வீடுகள் 2011இல் நூலாக வெளிவந்தன. 'முற்றுப்பெறாத தோம்பு' என்பது அதன் தலைப்பின் பொருள். தோம்பு என்பது போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் தொடர்ந்த காணிப் பதிவேடு. யாரிடம் எவ்வளவு நிலம், எவ்வளவு வரி என்பது அதில் இருக்கும். வேலியோரத்து முருங்கை இருக்காது.

நூலில் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று வடிவங்கள் உண்டு. வீட்டுக்காரர் வரைந்தது ஒன்று. கட்டடக் கலைஞர் அதைச் சீராக வரைந்தது இன்னொன்று. அவர்கள் சொன்ன கதையைக் கேட்டு சனாதனன் வரைந்த ஓவியம் மூன்றாவது. என்னைக் கேட்டால், வீட்டுக்காரரின் கோணல் கோடுதான் நெஞ்சைத் தொடுகிறது.

சமூகவியல் படித்த காலத்தில் எமக்கு ஆராய்ச்சி என்றால் வினாக்கொத்துதான். குடும்பத் தலைவர் யார், வருமானம் எவ்வளவு என்று கேட்டு நாங்களே நிரப்பிக்கொண்டு போவோம். இங்கே தாளை நிரப்புபவர் இழந்தவரே.

எமது குழுவில் பலர், 1977, 1983 வன்செயல்களுக்கு அஞ்சி மலையகத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். காடு வெட்டிக் குடியேறிய நிலத்தை இறுதிப் போரில் விட்டு ஓடி, முகாமிலிருந்து மீண்டும் உறவினரின் லயத்துக்கே வந்து சேர்ந்தவர்கள்.

ஓர் அம்மா தாள் முழுவதும் கிணற்றையும் தென்னைகளையும் வரைந்துவிட்டு, வீட்டை மூலையில் சிறிய பெட்டியாகப் போட்டார். "கிணறு நாங்க வெட்டினது மிஸ். இங்க பீலித் தண்ணிக்கு வரிசையில நிக்கணும்" என்றார். இளம் பெண்ணொருத்தி நீண்ட பெட்டியொன்றை வரைந்து, பன்னிரண்டாகப் பிரித்து, ஐந்தாவதில் புள்ளடி போட்டிருந்தாள்.

"இது இழந்த வீடா தங்கச்சி?"

"இப்ப இருக்கிற லயம் மிஸ். இதுவும் நம்மளுது இல்லத்தானே."

பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. தலைமுறை தலைமுறையாக இருந்தும் இன்றும் பலருக்குக் காணி உறுதி இல்லை. அவளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆவணங்களைத் தொலைத்த சகோதரிகள் இதை வீட்டில் செய்து பார்க்கலாம். நான்கு எல்லையிலும் யார் இருந்தார்கள், கிணறு எந்தப் பக்கம், எந்த ஆண்டு குடிவந்தீர்கள் என்பவற்றையும் எழுதுங்கள். சட்டப்படி இது உறுதியாகாது. ஆனாலும் விபரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே எழுதி வைப்பது நல்லது.

அன்று பத்துத் தாள்கள்தான் என் கோவைக்கு வந்தன. பதினோராவதை ஒரு பெண் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மல்லிகைப் பந்தல் கிணற்றுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அம்மாவிடம் கேட்க வேண்டுமாம்.