கூலியாள் வேடத்தில் வந்த குரு: யோசப் வாஸ்

1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனதும், அங்கிருந்த போர்த்துக்கீசக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி அறிவித்தது. கோயில்கள் ஒல்லாந்தரின் புரொட்டஸ்தாந்து சீர்திருத்த சபையின் வசமாயின. பிள்ளைக்கு ஞானஸ்நானம், கலியாணப் பதிவு என்று எல்லாவற்றுக்கும் மக்கள் அங்கேதான் போக வேண்டியிருந்தது. வேதச் சண்டை மட்டும் இதற்குக் காரணமல்ல. கறுவா வணிகத்துக்காகப் போர்த்துக்கீசரோடு பல்லாண்டு போரிட்ட கம்பெனிக்கு, கத்தோலிக்கர் எல்லாரும் பழைய எதிரியின் ஆட்களாகவே தெரிந்தார்கள்.

இப்படியே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் போயின. அந்தத் தலைமுறையில் பிறந்த பிள்ளைகள் ஒரு குருவைக் கண்ணால் கண்டிருக்கவே மாட்டார்கள். இலங்கையின் முதல் புனிதர் என்று இன்று போற்றப்படும் யோசப் வாஸ் அங்கே வந்து சேர்ந்தது 1687இல்.

கோவாவில் பெனாலிம் என்ற ஊரில் 1651 ஏப்ரல் 21 அன்று, கொங்கணி பேசும் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பழைய கோவாவில் படித்து 1676இல் குருவானார். 1681 முதல் மூன்று ஆண்டுகள் கன்னடக் கரையோரத்தில் பணி செய்தார். மங்களூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் இன்றும் அவரைத் தங்கள் திருத்தூதராக நினைவுகூர்கிறார்கள்.

கோவாவில் அன்று இருந்த ஒரு நிலைமையைச் சொல்லாமல் அவரைப் புரிந்துகொள்ள முடியாது. ஐரோப்பியத் துறவற சபைகள் பெரும்பாலும் உள்ளூர்க் குருக்களைத் தங்களோடு சேர்த்துக்கொள்வதில்லை. எனவே அவர்களில் சிலர் கூடித் தாங்களே ஒரு குழுவாக வாழத் தொடங்கினார்கள். 1685இல் வாஸ் அதில் சேர்ந்து தலைவரானார். கோவாவின் ஓரட்டோரியன் சபை உருவானது இப்படித்தான். ஐரோப்பியரின் ஒதுக்கலுக்கு எதிராக எழுந்த அந்தச் சபையிலும் பிராமணக் குலத்தவர் மட்டுமே சேர்க்கப்பட்டார்கள் என்பது வருத்தமான உண்மை. அந்தக் குலத்தில் பிறந்த வாஸ், இடுப்பில் ஒரு துண்டோடு கூலியாளாக வேடமிட்டுக் கடல் கடந்தார்.

புறப்பட்ட இடம் தூத்துக்குடி. அதுவும் அப்போது ஒல்லாந்தர் பிடியில்தான் இருந்தது. துணைக்கு ஜுவாங் என்ற பணியாள் ஒருவர். தோணி புயலில் அலைக்கழிந்தது. யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தபோது இருவரும் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். வாஸுக்குக் கடுமையான சீதபேதி. வழியோரம் விழுந்து கிடந்தவருக்குக் கஞ்சி ஊற்றிக் காப்பாற்றியவர்கள் ஊரார்தான்.

உடல் தேறியதும் ஆட்களைத் தேட வேண்டும். யார் கத்தோலிக்கர் என்று வாய் திறந்து கேட்க முடியாது. கேட்பது தவறான ஆளாக இருந்தால் முடிந்தது கதை. அவர் ஒரு பெரிய செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். வீட்டுக்காரரின் கண் அந்த மாலையில் படும்போது முகம் எப்படி மாறுகிறது என்று கவனித்தார். அப்படித்தான் ஒரு குடும்பம் பிடிபட்டது. அவர்கள் வழியாகத் தீவிர கத்தோலிக்க ஊரான சில்லாலைக்குப் போய்ச் சேர்ந்தார். பகலில் ஒளிந்திருந்து இரவில் திருப்பலி நிறைவேற்றினார். பாவசங்கீர்த்தனம் கேட்டார், ஞானஸ்நானம் கொடுத்தார். தமிழையும் கற்றுக்கொண்டார்.

செய்தி கம்பெனியின் காதுக்கு எட்டாமல் இருக்குமா? 1689 கிறிஸ்துமஸ் இரவில் படைவீரர்கள் புகுந்தார்கள். முந்நூறு பேர் வரை பிடிபட்டார்கள். தலைவர்கள் என்று கருதப்பட்டவர்களுக்குச் சவுக்கடி கிடைத்தது. ஒருவர் அடிபட்டே உயிர்விட்டார். வாஸ் மட்டும் சிக்கவில்லை. அவரைக் காட்டிக்கொடுக்காமல் அடி வாங்கிய அந்த மனிதர்களுக்குப் பட்டமும் இல்லை, பலிபீடமும் இல்லை. அவருடைய வரலாற்றில் பாதி அவர்களுடையது என்றே நான் நினைக்கிறேன்.

அதன் பிறகு அவர் கண்டி மன்னரின் ஆளுகையில் இருந்த புத்தளத்துக்கும், 1692இல் கண்டிக்கும் போனார். அங்கே காத்திருந்தது சிறை. போர்த்துக்கீச உளவாளி என்று பிரெஞ்சு நாட்டு சீர்திருத்த சபைக்காரர் ஒருவர் கோள் சொல்லியிருந்தார். சிறைவளாகத்திலேயே ஒரு குடிசை போட்டு அதைக் கோயிலாக்கினார் வாஸ். பின்னர் ஒரு கடும் வறட்சி வந்தது. மன்னர் கேட்டுக்கொண்டதன் பேரில் பொதுவிடத்தில் பீடம் அமைத்துச் செபித்தார் என்றும், மழை கொட்டியது, அவர் முழங்காலிட்டிருந்த இடம் மட்டும் நனையவில்லை என்றும் மரபு சொல்கிறது. அதன்பின் அவருக்கு நடமாடும் சுதந்திரம் கிடைத்தது. ஒல்லாந்தர் விரட்டிய குருவுக்கு ஆதரவு தந்தவர் பௌத்த மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியர்.

மழையைவிட 1697இல் நடந்ததுதான் என் மனத்தில் நிற்கிறது. கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னரும் நகரத்தை விட்டு அகன்றார். நோய் கண்டவர்களை வீட்டார் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். வாஸும், அவருடைய உறவினரான யோசப் கர்வாலோ என்ற குருவும் அவர்களைத் தேடிப் போனார்கள். இலை தழைகளால் கொட்டகை போட்டார்கள், கஞ்சி காய்ச்சி ஊட்டினார்கள், புண்களைக் கழுவினார்கள், கேட்பாரற்றுக் கிடந்த பிணங்களுக்குக் குழி வெட்டினார்கள். என்ன மதம் என்று யாரையும் கேட்கவில்லை.

ஒரு குரு நாடு முழுவதையும் கவனிப்பது எப்படி? ஊருக்கு ஊர் மூப்பர், அண்ணாவி என்று பொதுமக்களிலிருந்தே பொறுப்பாளர்களை வைத்தார். குரு இல்லாத நாட்களில் செபம் நடத்துவதும், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்வதும், சாகக் கிடப்பவர்களோடு இருப்பதும் அவர்கள் வேலை. காலனிப் படையின் துணையோடு வளர்ந்த மறைபரப்புக்கு நடுவில், ஆட்சியாளரே எதிரியாக இருந்த மண்ணில் மக்களை நம்பிக் கட்டப்பட்ட திருச்சபை இது. கோவாவிலிருந்து பிறகு வந்த குருக்கள் அதை விரிவாக்கினார்கள். 1705இல் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். தவக்காலத்தில் தமிழ்க் கத்தோலிக்கர் வாசிக்கும் ‘வியாகுலப் பிரசங்கம்’ அவர் தந்தது.

ஆயர் பதவி தேடி வந்தபோது வாஸ் மறுத்துவிட்டார். 1711 ஜனவரி 16 அன்று கண்டியில் இறந்தார். அவரைப் புதைத்த இடம் இன்றுவரை தெரியவில்லை. 1995 ஜனவரி 21 அன்று கொழும்பு காலி முகத்திடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளர் என்று அறிவித்தார். வழக்கப்படி புனிதர் பட்டத்துக்கு மேலும் ஒரு புதுமை உறுதிசெய்யப்பட வேண்டும். திருத்தந்தை பிரான்சிஸ் அந்த நிபந்தனையைத் தளர்த்தி, 2015 ஜனவரி 14 அன்று அதே திடலில் புனிதர் பட்டம் வழங்கினார்.

அன்று பிற்பகலே பிரான்சிஸ் மடுவுக்குப் போனார். ஒல்லாந்தருக்குத் தப்பி மாந்தையிலிருந்து ஓடிய குடும்பங்கள் மாதா சொரூபத்தைச் சுமந்துகொண்டு தஞ்சம் புகுந்த காட்டுப் பகுதி அது. உள்நாட்டுப் போரில் ஆயிரக்கணக்கான அகதிகள் அடைக்கலம் தேடியதும் அங்கேதான். 1999 நவம்பரில் கோயில் வளாகத்தில் விழுந்த ஷெல்கள் அவர்களில் பலரைக் கொன்றன. தமிழரும் சிங்களவரும் ஒரே திருவிழாவுக்குக் கூடும் அந்தத் தலத்தில், போரில் சொந்தங்களைப் பறிகொடுத்த இரு தரப்புக் குடும்பங்களும் அன்று ஒன்றாக அமர்ந்து செபித்தன.