பயத்தைப் போக்க மாத்திரை உண்டா?

மொட்டை மாடியின் விளிம்பில் நின்று கீழே பார்த்தால் உங்களுக்குத் தலை சுற்றுகிறதா? சிறிது பயம் எல்லோருக்கும் உண்டு. சிலருக்கோ மாடிப்படி ஏறவே கால் நடுங்கும். இது உயர அச்சம் என்னும் நோய்.

இதற்குச் சிகிச்சை என்ன? உயரத்தைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்குவார்கள். முதலில் நெஞ்சு படபடக்கும். ஆபத்து நேரவில்லை என்று காணக் காண அது தணியும். பழைய பயம் அழிந்துவிடுவதில்லை. "இங்கு ஆபத்தில்லை" என்ற புதிய பாடம் மூளையில் பதிகிறது.

பாடம் என்றால், அது நன்கு பதிய மருந்து உதவுமா? டி-சைக்ளோசெரின் என்பது காசநோய்க்கான பழைய மருந்து. நரம்பணுக்களில் கற்றலுக்குத் துணைபுரியும் என்எம்டிஏ ஏற்பிகளை அது ஊக்குவிக்கிறது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் 2002-இல் எலிகளிடம் இது பலன் தந்தது. 2004-இல் அங்கேயே உயர அச்சமுள்ள 28 பேர் சோதனைக்கு வந்தனர். கணினி காட்டும் கண்ணாடி மின்தூக்கியில் 'ஏறுவது' பயிற்சி. சிலருக்கு மருந்து, சிலருக்கு வெற்று மாத்திரை. இரண்டே பயிற்சிகளில், மருந்து உண்டவர்களின் அச்சமே அதிகம் குறைந்தது!

அவசரப்படாதீர்கள். பல ஆய்வுகளை 2017-இல் தொகுத்துப் பார்த்தபோது பலன் சிறியதே எனத் தெரிந்தது. பயம் தணியாமலே பயிற்சி முடிந்தால் மருந்து கெடுதலும் செய்யலாம் என்று சில ஆய்வுகள் கூறுகின்றன. ஏன் தெரியுமா? மாத்திரை பாடம் நடத்துவதில்லை. கற்றது எதுவோ அதைப் பதிய வைக்க உதவுகிறது, அவ்வளவே.

படியேற வேண்டியவர் நாம்தான்!