பூமிக்கு ஒரு போர்வை

ஸ்ரீமுஷ்ணம் என்றதும் பூவராகப் பெருமாளே நேயர்களின் நினைவுக்கு வருவார். நீரில் ஆழ்ந்த பூமியை மீட்டெடுத்த மூர்த்தி எழுந்தருளியிருக்கும் க்ஷேத்திரம் அது. ஆனால் கடலூர் மாவட்டத்தின் இந்தக் கோடியிலிருந்து மேற்கே செல்லச் செல்ல, மானாவாரிக் குடியானவரின் கவலை நேர்மாறானது. பூமியில் விழுந்த நீரை அங்கேயே நிறுத்திக்கொள்வது எப்படி என்பதே அவர் கவலை.

பருத்தியை எடுத்துக்கொள்வோம். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த பருத்தி சுமார் இரண்டு மாதத்தில் பூக்கத் தொடங்குகிறது. மார்கழியிலோ மழை ஓய்ந்துவிடுகிறது. பூவுக்கும் பிஞ்சுக்கும் நீர் மிகுதியாக வேண்டிய சமயத்தில் வானம் கையை விரித்துவிடுகிறது. ஈரம் வற்றினால் மொக்கும் பிஞ்சும் உதிர்கின்றன. அவற்றோடு ஒரு குடும்பத்தின் வருஷ வரும்படியும் உதிர்கிறது.

பெய்த மழை எங்கே போயிற்று? செடி குடித்தது ஒரு பங்குதான். வரிசைகளுக்கு இடையே திறந்து கிடக்கும் மண்ணிலிருந்து வெய்யிலும் காற்றும் களவாடிச் சென்றது மற்றொரு பங்கு. இந்தக் களவைத் தடுக்க எளிய உபாயம் ஒன்று உண்டு. சருகு, தழை, சோகை இவற்றால் மண்ணைப் போர்த்திவிடுவதே அது. இதற்கு மூடாக்கு என்று பெயர். மூடாக்கு நிலத்தின் சூட்டைத் தணிக்கும், களையை அடக்கும், மழைத்துளி மண்ணை அறைந்து இறுக்காமல் காக்கும், மக்கியபின் எருவாகும்.

தமிழ்நாட்டில் இந்தச் சொல்லைப் பட்டிதொட்டியெல்லாம் பரப்பியவர் கோ. நம்மாழ்வார் (1938–2013). 1963-இல் அவர் உத்தியோகத்தில் அமர்ந்த இடம் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணை. பருத்திக்கும் சிறுதானியங்களுக்கும் இடைவெளி, இரசாயன உரம் ஆகியவற்றைச் சோதிப்பது அங்கே நடந்த வேலை. வானம் பார்த்த ஏழை விவசாயிக்கு விலை கொடுத்து வாங்கும் இடுபொருள்களால் பயனில்லை என்று கண்டு, 1969-இல் அந்த உத்தியோகத்தை உதறினார்.

"வைக்கோலை வயலில் போட்டுவிட்டால் மாடு எதைத் தின்னும்?" என்று குடியானவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வைக்கோல் மாட்டுக்கே இருக்கட்டும். சேத்தியாத்தோப்புச் சர்க்கரை ஆலையைச் சுற்றிய கரும்பு வயல்களில், ஓர் ஏக்கரில் 3, 4 டன் வரை சோகை கிடைக்கும். வெட்டு முடிந்ததும் அதற்குத் தீ வைப்பது பலரிடம் உள்ள வழக்கம். அண்டை வயலில் புகையாய்ப் போவது நம் வயலில் ஈரமாய் நிற்கலாம் அல்லவா?

சில எச்சரிக்கைகள் அவசியம். செடி ஒரு சாண் வளர்ந்து, முதல் களை எடுத்து, மண் நன்றாக நனைந்திருக்கும்போது மூன்று அங்குல கனத்துக்குப் பரப்ப வேண்டும். தண்டை ஒட்டிக் குவிக்கலாகாது. காய்ந்த சோகை மக்கும்போது மண்ணின் தழைச்சத்தைச் சிறிது காலம் இழுத்துக்கொள்ளும். ஆகையால் தொழு உரமும் சேர்ப்பது நலம். செம்மண்ணில் கறையான் வருகிறதா என்று பார்த்து வர வேண்டும். அடைமழையில் நீர் தேங்காமல் வடிகாலும் வேண்டும். பருத்தி வேருக்குத் தேங்கிய நீர் ஆகாது.

பிளாஸ்டிக் தாளால் மூடுவதும் உண்டு. சீனாவின் சின்ஜியாங் பிரதேசத்தில் பருத்தி பெரும்பாலும் அப்படியே விளைகிறது. நீர் மிச்சமாவது மெய். ஆனால் கிழிந்த தாள் மண்ணிலேயே தங்கி நிலத்தைக் கெடுப்பதும் மெய். சோகைக்கு அந்தத் தோஷம் இல்லை.

நம் மானத்தை மறைக்க ஆடை தருவது பருத்தி. அது விளையும் பூமிக்கும் ஓர் ஆடை வேண்டாமா? தீப்பெட்டியை எடுக்கும் கை ஒரு கணம் தயங்கினால் போதும். அந்த ஆடை கிடைத்துவிடும்.