பிசுபிசுக்காத மகுடம்

பள்ளி ஆண்டு விழா என்றதும் நம் நினைவில் முதலில் நிற்பது நாடகமே. அரசனுக்கு மகுடம் வேண்டும், வீரனுக்கு வாள் வேண்டும், சம்மனசுக்குச் சிறகும் வேண்டும். இக்காலத்தில் இவற்றை மெல்லிய பிளாஸ்டிக்கில் வாங்கி, நமக்கு வேண்டிய வண்ணம் பூசிக்கொள்கிறோம். ஆனால் பூசி ஒரு மாதமாகியும் சில பொருள்கள் கையில் பிசுபிசுவென்று ஒட்டுகின்றன. காரணம் என்ன?

"ஈரம் காயவில்லை" என்று பலரும் சொல்வர். அது சரியன்று. நம் தஞ்சைத் தலையாட்டி பொம்மையைப் பாருங்கள். அது காகிதக் கூழ், களிமண் முதலியவற்றால் செய்யப்படுவது. ஈரம் உலர்ந்தபின் அதன் உள்ளிருந்து கசிய எதுவும் இல்லை. எனவே அதன் மேல் பூசிய வண்ணம் கெட்டியாகி நிற்கிறது.

மெல்லிய பிளாஸ்டிக்கின் தன்மையோ வேறு. வயலில் பம்ப் செட்டுக்குப் போடும் பி.வி.சி. குழாய் எவ்வளவு கடினமானது! அதே பி.வி.சி.யோடு எண்ணெய் போன்ற திரவத்தைச் சேர்த்தால் ரப்பரைப் போல வளையும். இதை 1926இல் அமெரிக்காவில் வால்டோ செமன் என்னும் வேதியியலார் கண்டறிந்தார். அத்திரவத்தை நெகிழ்வூட்டி என்பர். அது பிளாஸ்டிக்கில் நிலையாகத் தங்குவதில்லை. மெல்ல மேலே கசியும். எனாமல் பெயின்டும், பெரும்பாலான ஸ்பிரே பெயின்டுகளும் அதை உறிஞ்சி இளகிவிடுகின்றன. எத்தனை நாள் காயவைத்தாலும் பிசுபிசுப்பு போகாததற்கு இதுவே காரணம்.

இனி, செய்ய வேண்டிய முறையைக் காண்போம்.

முதலாவதாக, பொருளைச் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெய், தின்னர் ஆகியவற்றால் துடைக்கலாகாது. அவை பிளாஸ்டிக்கை ஊறச் செய்யும்.

இரண்டாவதாக, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தையே பயன்படுத்த வேண்டும். அதில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. காய்ந்தபின் அது வளைந்தும் கொடுக்கும். தடிப்பாக ஒரே முறை பூசாமல், மெல்லியதாக மூன்று நான்கு முறை பூசுக. ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின்னரே அடுத்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றே ஈரமாக இருப்பதால் இன்னும் அதிக நேரம் விடவேண்டும். வெயிலில் வைக்காதீர்கள், வெப்பம் கசிவை மிகுதியாக்கும். நிழலில், மின்விசிறிக் காற்று போதும்.

மூன்றாவதாக, மேற்பூச்சு. இதற்கும் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷையே பூச வேண்டும். மர வார்னிஷ் பூசினால் பழைய பிசுபிசுப்பு திரும்பிவிடும்.

முழுவதும் பூசும் முன் பின்புறத்தில் ஒரு மூலையில் மட்டும் பூசி, ஒரு வாரம் கழித்துப் பஞ்சை அழுத்திப் பாருங்கள். பஞ்சு ஒட்டாவிட்டால் அச்சமில்லை. கசிவு மெதுவாக நிகழ்வதால் ஒரு நாள் சோதனை போதாது. முகப்பவுடர் தூவுவது அன்றைய மேடைக்கு மட்டுமே உதவும். விழா முடிந்ததும் பொருளைச் செய்தித்தாளில் சுற்றாதீர்கள், மை ஒட்டிக்கொள்ளும். வெள்ளைப் பருத்தித் துணியே நல்லது.

தோழியரே! நாடகத்தில் நாம் உடுத்துவது பெரும்பாலும் அம்மாவின் பட்டுப் புடவை அல்லது வாடகை உடை. ஆசையாய் வாங்கிய திருபுவனம் பட்டில் பெயின்ட் கறை பட்டால் அதை எளிதில் போக்க முடியாது. ஒரு வாரப் பொறுமை அந்தப் புடவையைக் காக்கும். ஆகவே அடுத்த விழாவுக்கு மகுடத்தை முன்கூட்டியே தொடங்குவோம்!

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு