பேட்டரியே மாத்த வேண்டாம்னு சொல்றாங்களே.. இந்த வாட்ச்களை நம்பி வாங்கலாமா?

"பேட்டரியே மாத்த வேண்டாம்" என்று சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால், கூடுதல் விலை கொடுப்பதற்கு முன் சில விஷயங்களைத் தெரிஞ்சுக்கணும்.

தர்மபுரிக்கும் வாட்ச்சுக்கும் என்ன தொடர்பு?

டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. அதன் ஆலை அமைந்த ஓசூர் அப்போது தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது பிரிந்தது. சாவி கொடுக்கும் வாட்ச்கள் புழங்கிய காலத்தில், பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச்களைப் பரவலாக்கியதில் டைட்டனுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த பேட்டரியையும் மாற்றத் தேவையில்லை என்பவை இந்த 2 ரகங்கள்.

ஆட்டோமேட்டிக் வாட்ச்

கை அசையும்போது உள்ளே இருக்கும் அரைவட்ட எடை சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும். பேட்டரியே கிடையாது. கழற்றி வைத்தால் பல மாடல்கள் சுமார் 40 மணி நேரத்தில் நின்றுவிடும். வெள்ளி இரவு கழற்றினால், திங்கள் காலை மறுபடியும் நேரம் வைக்கணும்.

சாதாரண மாடல்கள் ஒரு நாளைக்கு 20 விநாடி முன்பின் ஓடுவது சகஜம். அதாவது வாரத்துக்கு 2 நிமிடத்துக்கு மேல். குவார்ட்ஸில் இந்த வித்தியாசம் ஒரு மாதத்துக்கே சுமார் 15 முதல் 20 விநாடிதான்.

சோலார் வாட்ச்

டயலுக்கு அடியில் இருக்கும் தகடு, வெளிச்சத்தை மின்சாரமாக்கி ரீசார்ஜ் செல்லில் சேமிக்கும். உள்ளே ஓடுவது குவார்ட்ஸ் என்பதால் நேரம் துல்லியம். முழு சார்ஜில் இருட்டிலும் பல மாதங்கள் ஓடும் மாடல்கள் உண்டு. டியூப் லைட்டிலும் சார்ஜ் ஏறும், ஆனால் மெதுவாக.

பல மாடல்களில் விநாடி முள் 2 விநாடிக்கு ஒருமுறை தாவினால் சார்ஜ் குறைவு என்று அர்த்தம். வெளிச்சத்தில் வையுங்க. கொதிக்கும் கார் டேஷ்போர்டில் மட்டும் வேண்டாம், சூடு செல்லைக் கெடுக்கும்.

அப்போ செலவே இல்லையா?

இருக்கு. ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய் காய்ந்துவிடும் என்பதால் சில வருடங்களுக்கு ஒருமுறை பிரித்து சர்வீஸ் செய்யணும். விலை குறைந்த மாடலில் சர்வீஸ் செலவே வாட்ச் விலையை நெருங்கலாம். சோலாரின் செல் பல ஆண்டுகள் உழைத்தாலும் என்றைக்காவது பலவீனமாகும். அந்தச் செல் எல்லாக் கடையிலும் கிடைக்காது. தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் எந்த வாட்ச்சிலும் தேயும்.

எதை வாங்கலாம்?

நேரம் துல்லியமா வேணும், தொந்தரவு கூடாது என்றால் சோலார். இயந்திர அழகு பிடிக்கும், தினமும் கட்டுவேன் என்றால் ஆட்டோமேட்டிக். எதுவானாலும் பணம் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்க: "ரிப்பேர்னா நம்ம ஊர்லயே பார்ப்பீங்களா, வெளியூருக்கு அனுப்பணுமா?"

பேட்டரி வேண்டாம் என்றால் பராமரிப்பே வேண்டாம் என்று அர்த்தமில்லை.