கொல்லுமுன் ஆராயும் காவலர்கள்

எமது உடல் கோடானுகோடி கலங்களால், அதாவது உயிரணுக்களால், ஆனது. அவற்றுள் ஒன்றினுள் வைரசு புகுந்தால், அக்கலத்தையே தன்னைப் பெருக்கும் தொழிற்சாலையாக மாற்றிவிடும். அதனை விட்டுவைத்தால் நோய் பரவும்; அழிக்கும்போதோ அயலிலுள்ள நலமான கலத்துக்கு ஊறு நேரக் கூடாது. இவ்வரிய பணியைச் செய்வன, வெண்குருதிக் கலங்களுள் ஒரு வகையான கொல்லும் கலங்களாம்.

இவை பகையை எங்ஙனம் அறிகின்றன? உடற்கலங்கள் தம்முள்ளே உருவாகும் புரதங்களின் சிறு துண்டுகளை, மேற்பரப்பிலுள்ள அடையாளப் புரதங்களில் ஏந்திக் காட்டுகின்றன. கொல்லும் கலம் அவற்றைத் தொட்டு ஆராயும். துண்டு உடலுக்குரியதாயின் விலகிச் செல்லும். வைரசுக்குரியதாயின் இறுகப் பற்றிக்கொள்ளும். பின்னர் பேர்போரின் என்னும் புரதத்தை வெளியிடும். அது பகைக்கலத்தின் மென்சவ்வில் துளையிடும். கிரான்சைம் எனப்படும் நொதியங்கள் அவ்வழியே உட்புகுந்து, அக்கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளுமாறு தூண்டும். கொன்ற கலமோ ஊறின்றி அடுத்த இலக்கைத் தேடிச் செல்லும்.

இவ்வறிவு வளர்ந்ததில் நாம் வாழும் இலண்டனுக்கும் பங்குண்டு. 1961 இல் இங்கு ஆய்வு செய்த ஜாக் மில்லர், நெஞ்செலும்பின் பின்னுள்ள தைமசுச் சுரப்பியின்றி இக்காவல் அமையாதென எலிகளைக் கொண்டு காட்டினார். சொந்த உடலைத் தாக்கக்கூடிய கலங்கள் பெரும்பாலும் அச்சுரப்பியிலேயே களையப்படுகின்றன. 2010 இல் பேர்க்பெக் கல்லூரிப் பேராசிரியர் எலன் சைபில் குழுவினர், அவுஸ்திரேலிய அறிஞருடன் இணைந்து, பேர்போரின் மூலக்கூறுகள் வளையமாகக் கூடித் துளையிடும் விதத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணையால் விளக்கினர்.

முற்கூறிய அடையாளப் புரதங்களை நாம் தாய் தந்தையரிடமிருந்தே பெறுகின்றோம். இரத்தப் புற்றுநோயாளர் ஒருவருக்குப் பிறரது என்பு மச்சையைச் செலுத்தும்போது அடையாளம் பொருந்தாவிடின், புதிதாய் வந்த கலங்கள் நோயாளியின் உடலையே அயலெனக் கருதித் தாக்கக்கூடும். உடன்பிறந்தார் ஒருவர் முற்றாகப் பொருந்தும் வாய்ப்பும் நான்கில் ஒன்றே.

அந்தனி நோலன் என்னும் சிறுவனுக்காக, அவன் தாயார் சேர்லி 1974 இல் இலண்டனில் கொடையாளர் பதிவேடொன்றைத் தொடங்கினார். பொருந்துபவர் கிடைக்காமலே 1979 இல் அவன் மறைந்தான். அவன் பெயர் தாங்கிய பதிவேடு இன்றும் பிறர் உயிரைக் காத்து வருகின்றது. 16 முதல் 30 வயதுவரையுள்ளோர் அதிற் சேரலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சினால் ஒற்றிக் கொடுத்தாற் போதும்.

தமிழ்க் குழந்தை ஒன்றுக்குப் பொருந்துபவர் எம்மவருள்ளேயே கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. ஆயினும் அப்பதிவேட்டில் தெற்காசியர் தொகை குறைவு. மூத்த மாணவர்களே, இதனை உங்கள் பெற்றோருடன் கலந்து பேசுங்கள்.