செய்திப் பொதிக்கு வழி காட்டும் திசைவி

ஜோத்பூரில் தபால் பெட்டியில் இடப்பெற்ற கடிதம் ஒன்று சில நாட்களில் குவாஹாட்டியில் ஒரு வீட்டின் வாயிலை அடைகிறது. ஜோத்பூரில் தபால் பிரிப்பவர் குவாஹாட்டியின் தெருக்களை அறியார். அறிய வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. முகவரியைப் பார்த்து, கடிதம் எந்தப் பையில் சேர வேண்டும் என்பதை மட்டும் அவர் தீர்மானிக்கிறார். எஞ்சிய பயணத்தை அடுத்த நிலையத்தில் உள்ளவர் கவனித்துக்கொள்கிறார். உலகெங்கும் பரந்துள்ள இணையமும் பெரும்பாலும் இம்முறையிலேயே இயங்குகிறது. அங்கே தபால் பிரிப்பவரின் இடத்தில் நின்று பணியாற்றும் சாதனமே ‘ரௌட்டர்’ எனப்படும் திசைவி ஆகும்.

இன்று இச்சாதனம் நகரங்களுக்கு மட்டும் உரியதன்று. நாட்டின் ஏறத்தாழ 2.5 இலட்சம் ஊராட்சிகளைக் கண்ணாடியிழை வடத்தால் இணைக்கும் நோக்குடன் 2011 ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்ற திட்டம், பின்னர் ‘பாரத்நெட்’ எனப் பெயர் பெற்றது. ஊராட்சி அலுவலகத்திலும், பள்ளியிலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சிறு விளக்குகள் மின்ன ஒரு பெட்டி வேலை செய்கிறது. அது செயலற்றுப் போகும் நாளில் உதவித்தொகைப் பதிவும், மருந்துக் கணக்கும், மாணவர் வருகைப் பதிவும் தடைப்பட நேர்கிறது. ஆதலின் அப்பெட்டி யாது செய்கிறது என்பதை ஆசிரியரும் களப்பணியாளரும் அறிந்திருத்தல் பயனுடையது.

பொதிகளாகப் பிரித்தல்

பழைய தொலைபேசி முறையில், பேசும் இருவருக்கும் இடையே ஒரு தனிப்பாதை திறக்கப்பெற்றது. பேச்சு முடியும் வரை அப்பாதையை வேறெவரும் பயன்படுத்த இயலாது. இருவரும் பேசாது இருந்த நேரத்திலும் பாதை வீணே காத்திருந்தது. இடையில் ஒரு கம்பி அறுந்தால் பேச்சும் அறுந்தது. இக்குறைகளை நீக்கும் வழி ஒன்றை 1960-களில் அமெரிக்காவில் பால் பாரன் என்பவரும், இங்கிலாந்தில் டொனால்டு டேவிஸ் என்பவரும் தனித்தனியே கண்டனர். செய்தியைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மீதும் முகவரி எழுதி, தனித்தனியே அனுப்புவதே அம்முறை. அத்துண்டுகளுக்கு ‘பாக்கெட்’ என்று பெயரிட்டவர் டேவிஸ். அதனைத் தமிழில் பொதி எனலாம்.

பெரும்பாலான வலையமைப்புகளில் ஒரு பொதி 1,500 பைட் அளவைத் தாண்டுவதில்லை. ஒரு பைட் என்பது பூச்சியம் அல்லது ஒன்று என்ற குறிகள் எட்டு கொண்டது. பத்து இலட்சம் பைட் அளவுள்ள புகைப்படம் ஒன்றை அனுப்பினால், அது ஏறத்தாழ 700 பொதிகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு பொதியின் முகப்பிலும் அனுப்புவோர் முகவரி, பெறுவோர் முகவரி, ஆயுள் எண் முதலிய விவரங்கள் உள்ளன. பொதிகள் யாவும் ஒரே வழியில் செல்ல வேண்டும் என்ற நியதி இல்லை. முன்னே புறப்பட்டது பின்னே சேர்தலும் உண்டு. அவற்றை வரிசைப்படுத்தி மீண்டும் படமாக ஆக்குவது பெறும் கணிப்பொறியின் பொறுப்பு.

இவ்வாறு பொதிகளை வாங்கி வழிப்படுத்தும் இயந்திரங்களுள் முதலாவது, 1969 ஆகஸ்டு மாத இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தை அடைந்தது. இன்றைய திசைவிகளின் முன்னோடி அதுவே.

முகவரியைப் படிக்கும் விதம்

1981 ஆம் ஆண்டில் வரையறுக்கப்பெற்று இன்றும் பரவலாக வழங்கும் இணைய முகவரி 32 குறிகளால் ஆனது. இவ்வகையில் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உண்டாக முடியும். அவை போதாமையால், 128 குறிகள் கொண்ட புதிய முகவரி முறையும் இப்பொழுது அதனுடன் சேர்ந்து வழங்குகிறது. ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு வழி எனக் குறித்து வைப்பதாயின், எந்த இயந்திரத்தின் நினைவகமும் அதற்குப் போதாது. அவ்வாறு செய்ய வேண்டியதும் இல்லை என்பதை அஞ்சல் துறையின் பின்கோடு முறையைக் கொண்டே விளக்கலாம்.

1972 ஆகஸ்டு 15 முதல் வழக்கில் உள்ள பின்கோடு ஆறு இலக்கங்களைக் கொண்டது. குவாஹாட்டித் தலைமை அஞ்சல் நிலையத்தின் எண் 781001. இதன் முதல் இலக்கமாகிய 7, நாட்டின் கிழக்கு, வடகிழக்குப் பகுதிகளைக் குறிக்கும். தொலைவில் உள்ளவருக்கு முதல் இலக்கமே போதுமானது. கடிதம் நெருங்க நெருங்கத்தான் பிற இலக்கங்களைப் பார்க்கும் தேவை எழுகிறது. பிரிப்பவரின் பட்டியலில் ‘7 எனத் தொடங்குபவை கொல்கத்தாப் பைக்கு’ என்று ஒரு வரியும், ‘781 எனத் தொடங்குபவை குவாஹாட்டிப் பைக்கு’ என்று மற்றொரு வரியும் இருப்பதாகக் கொள்ளலாம். 781001 என்ற எண் இரண்டிற்கும் பொருந்தும். எனினும், கூடுதலான இலக்கங்கள் பொருந்தும் இரண்டாம் வரியையே அவர் பின்பற்றுவார். பொதுவாகச் சொன்ன வரியைவிட நுணுக்கமாகச் சொன்ன வரிக்கே மதிப்பு அதிகம்.

திசைவியும் இவ்விதியையே கையாள்கிறது. அதனிடம் உள்ள வழிப்பட்டியலில் முழு முகவரிகள் இல்லை. முகவரிகளின் தொடக்கப் பகுதிகளே உள்ளன. ஒவ்வொன்றின் எதிரிலும் எந்த வாயில் வழியே, எந்த அண்டைத் திசைவிக்கு அனுப்ப வேண்டும் என்ற குறிப்பு இருக்கும். பலவரிகள் பொருந்தினால், மிக நீளமாகப் பொருந்துவதே கொள்ளப்பெறும். எந்த வரியும் பொருந்தாத பொதிகளுக்கென ‘பொது வழி’ என ஒரு வரியும் இருக்கலாம். ஊராட்சி அலுவலகத்தில் உள்ள சிறு திசைவியின் அறிவு பெரும்பாலும் இவ்வளவே: ‘இக்கட்டிடத்திற்குரியது எனில் உள்ளே அனுப்பு, பிற யாவற்றையும் மேலே அனுப்பு.’ உலக வலையமைப்பின் நடுவே உள்ள பெருந்திசைவிகளோ ஏறத்தாழ 10 இலட்சம் வரிகளைக் கொண்ட பட்டியலைத் தாங்கி நிற்கின்றன. 2014 ஆகஸ்டு 12 அன்று அப்பட்டியல் 5,12,000 வரிகளைக் கடந்தபொழுது, அதற்குமேல் இடம் ஒதுக்கப்பெறாத பழைய திசைவிகள் பல திணறின. உலகின் பல இடங்களில் இணையச் சேவை தடுமாறியது.

ஒரு பொதி கடந்து செல்லுதல்

பொதி ஒன்று வாயிலில் நுழைந்தவுடன், அதன் முகப்பு சிதையாமல் வந்துள்ளதா எனத் திசைவி சரிபார்க்கிறது. அடுத்து, ஆயுள் எண்ணில் ஒன்றைக் கழிக்கிறது. அவ்வெண் பூச்சியமானால் பொதி அங்கேயே கைவிடப்பெறும். ‘உமது பொதி இங்கே முடிந்தது’ என்ற அறிவிப்பு அனுப்பியவருக்குச் செல்லும். வழிப்பட்டியலில் நேரும் பிழையால் இரு திசைவிகள் ஒரு பொதியை மாறி மாறித் தள்ளிக்கொண்டிருக்கும் நிலை வரக்கூடும். ஆயுள் எண் இராவிடில் அத்தகைய பொதிகள் முடிவின்றிச் சுழன்று பாதையை அடைத்துவிடும். இவ்வெண் 255-க்கு மேற்படாது.

பின்னர்ப் பட்டியலைப் பார்த்து, உரிய வாயிலுக்குப் பொதி மாற்றப்பெறுகிறது. விநாடிக்கு 1,000 கோடி குறிகள் செல்லும் இணைப்பில், 1,500 பைட் பொதி ஒன்று வெளியேற ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் 1.2 பங்கு நேரமே ஆகிறது. இவ்விரைவுக்கு ஈடுகொடுக்கும் பொருட்டு, பெரிய திசைவிகளில் பட்டியலைத் தேடுவதற்கென்றே தனிச் சில்லுகள் அமைக்கப்பெற்றுள்ளன.

வெளியேறும் வாயிலில் நெரிசல் இருப்பின் பொதிகள் வரிசையில் காத்திருக்கும். வரிசை நிரம்பிவிட்டால், புதிதாக வரும் பொதியைத் திசைவி கைவிட்டுவிடும். இது குறைபாடு போலத் தோன்றினும், வேண்டுமென்றே வகுக்கப்பெற்ற ஏற்பாடேயாகும். இழந்த பொதியை மீண்டும் அனுப்பும் கடமை இரு முனைகளிலும் உள்ள கணிப்பொறிகளுக்கு உரியது. ஆயினும், யாவரும் ஒரே நேரத்தில் மீண்டும் மீண்டும் அனுப்பினால் நெரிசல் முற்றும். 1986 அக்டோபரில் அமெரிக்காவின் பெர்க்லியில், 400 கெஜ தொலைவில் இருந்த இரு நிலையங்களுக்கிடையே விநாடிக்கு 32,000 குறிகளாக இருந்த வேகம் 40 குறிகளாக வீழ்ந்தது. இதனை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், பொதி தொலைந்தால் அதனை நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு, அனுப்பும் கணிப்பொறி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் முறையை 1988-இல் வெளியிட்டார். இணையம் இன்றும் அவ்வொழுக்கத்தால் நிலைபெறுகிறது.

வழியை அறியும் விதம்

பட்டியலைப் பார்த்து அனுப்புவது ஒரு பணி. பட்டியலை உருவாக்குவது வேறு பணி. சிறு அலுவலகங்களில் மனிதரே அதனை எழுதி வைக்கலாம். பெரிய வலையமைப்புகளில் திசைவிகள் தமக்குள் பேசி அதனை உருவாக்கிக்கொள்கின்றன.

ஒரே நிறுவனத்தின் ஆளுகைக்குள் உள்ள திசைவிகள், தத்தம் இணைப்புகளின் நிலையை ஒன்றுக்கொன்று அறிவிக்கின்றன. அதனால் அவ்வெல்லைக்குள் ஒவ்வொன்றிடமும் ஒரே வரைபடம் உருவாகிறது. அதிலிருந்து குறுகிய வழியைக் கணக்கிட, டச்சுக் கணித நிபுணர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட முறை பயன்படுகிறது.

பல்லாயிரம் நிறுவனங்களுக்கு இடையே இவ்வாறு முழு வரைபடம் கிடைப்பதில்லை. அங்கே 1989 முதல் வளர்ந்துவந்த எல்லை நுழைவாயில் விதிமுறை வழங்குகிறது. அதன்படி ஒவ்வொரு நிறுவனமும் தன் அண்டையில் உள்ளவரிடம், ‘இத்தொடக்கம் கொண்ட முகவரிகளுக்கு என் வழியே செல்லலாம்’ என அறிவிக்கிறது. அண்டை நிறுவனம் அதனை ஏற்றுத் தனக்கு அப்பால் உள்ளவரிடம் சொல்கிறது. இவ்வகையில் ஒருவர் சொல்லை மற்றவர் நம்புவதன் மீதே உலக இணையம் எழுப்பப்பெற்றுள்ளது. இந்திய நிறுவனங்கள் உள்நாட்டுப் பொதிகளை அயல்நாடு சுற்றாது தமக்குள்ளேயே மாற்றிக்கொள்வதற்கென, 2003-இல் இந்தியத் தேசிய இணையப் பரிமாற்ற நிலையம் நிறுவப்பெற்றது.

2008 ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகள்

இவ்வமைப்பின் வலிமையும் மெலிவும் ஒரே ஆண்டில், ஒரு மாத இடைவெளியில் புலப்பட்டன.

2008 ஜனவரி 30 அன்று, எகிப்தின் அலெக்சாந்திரியா நகருக்கு அருகே மத்தியதரைக் கடலில் இரண்டு கடலடி வடங்கள் அறுந்தன. இந்தியாவை ஐரோப்பாவுடன் இணைத்தவை அவை. இந்தியாவில் இணையத்தின் வேகம் பெரிதும் குன்றியது. ஆயினும் முற்றிலும் நின்றுவிடவில்லை. மேற்கு வழி அடைபட்டதனால், பொதிகளில் ஒரு பகுதி கிழக்கே திரும்பிப் பசிபிக் பெருங்கடலைக் கடந்து சென்றது. நெடிய வழியாயினும் வழி இருந்தது. தனிப்பாதை முறையில் இவ்வாறு நிகழ்ந்திராது.

பிப்ரவரி 24 அன்று நிகழ்ந்தது வேறு வகை. யூடியூப் தளத்தைத் தன் நாட்டில் தடுக்குமாறு பாக்கிஸ்தான் அரசு ஆணையிட்டது. அதனை நிறைவேற்ற முற்பட்ட பாக்கிஸ்தான் டெலிகாம் நிறுவனம், 208.65.153 எனத் தொடங்கும் 256 முகவரிகளும் தன்னிடம் உள்ளன என அறிவித்தது. உள்நாட்டளவில் நிற்க வேண்டிய அவ்வறிவிப்பு வெளியே கசிந்தது. ஹாங்காங்கைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று அதனைச் சரிபாராமல் உலகிற்குப் பரப்பியது. யூடியூப் அறிவித்திருந்ததோ, அம்முகவரிகளையும் உள்ளடக்கிய 1,024 முகவரிகளின் தொகுதி. நுணுக்கமான வரிக்கே மதிப்பு என்ற விதிப்படி, உலகின் திசைவிகள் பொய்யான வரியைத் தேர்ந்தன. சுமார் இரண்டு மணி நேரம் அத்தளம் உலகின் பல பகுதிகளில் எட்டாததாயிற்று. யூடியூப் தானும் மேலும் குறுகிய தொகுதிகளை அறிவித்தும், பரப்பிய நிறுவனம் தவற்றை விலக்கியும் நிலை சீராயிற்று. திசைவி எதுவும் அன்று பழுதடையவில்லை. ஒவ்வொன்றும் தன் விதியைப் பிழையின்றிப் பின்பற்றியது. பிழை, அதற்குச் சொல்லப்பெற்ற செய்தியில் இருந்தது. முகவரிக்கு உரியவர் யார் என்பதை மின்னணுக் கையொப்பத்தால் மெய்ப்பிக்கும் விதிமுறைகள் 2012 முதல் வெளியிடப்பெற்று, படிப்படியாகப் பரவி வருகின்றன.

வகுப்பறையிலும் களத்திலும்

இக்கருத்துகளை விளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. மாணவர் இருபதின்மரைத் திசைவிகளாக அமரச் செய்து, ஒவ்வொருவரும் அண்டையில் இருப்பவருடன் மட்டும் பேசலாம் என விதிக்கலாம். பெறுவோர் எண்ணும் ஆயுள் எண்ணும் எழுதிய சீட்டுகளைக் கைமாற்றச் செய்யலாம். பின்னர் ஒருவரை எழுப்பிவிட்டால் சீட்டு வேறு வழியே செல்வதையும், ஒருவரைப் பொய் சொல்லச் செய்தால் சீட்டுகள் யாவும் அவரிடம் குவிவதையும் மாணவர் கண்ணாரக் காண்பர்.

களப்பணியாளர் தடையை ஆராயும்போது, அருகிலிருந்து தொலைவுக்குச் செல்லும் ஒழுங்கைப் பின்பற்றுதல் நன்று. முதலில் தம் அலுவலகத் திசைவி ‘பிங்’ கட்டளைக்கு மறுமொழி தருகிறதா எனப் பார்க்க வேண்டும். மறுமொழி இல்லையேல் குறை அக்கட்டிடத்திலேயே உள்ளது என்று கொண்டு, மின்னிணைப்பையும் கம்பியையும் முதலில் சோதிக்கலாம். மறுமொழி இருப்பின், ‘டிரேஸ்ரூட்’ கட்டளையைப் பயன்படுத்தலாம். அது ஆயுள் எண்ணை 1, 2, 3 என உயர்த்திப் பொதிகளை அனுப்பி, ‘இங்கே முடிந்தது’ என்ற அறிவிப்புகளைக் கொண்டு வழியில் உள்ள திசைவிகளை வரிசையாகக் காட்டும். இடையில் ஒரு திசைவி பெயர் காட்டாது உடுக்குறி மட்டும் தோன்றினால், உடனே அதனைப் பழுதெனக் கொள்ளலாகாது. சில திசைவிகள் இவ்வகை வினாக்களுக்கு விடை தராதபடி அமைக்கப்பெற்றவை. அதற்கு அப்பால் ஒன்றுமே விடை தராவிடில்தான் ஐயுறுதல் வேண்டும். அவ்விடத்தைக் குறித்துக்கொண்டு முறையீடு செய்தால், பழுது பார்ப்போரின் பணி பெரிதும் எளிதாகும்.